ஃபர்ஸ்ட் பெஞ்ச் யாருக்கு? டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால் படிப்பு ஏறுமா... ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2025 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை தமிழ்நாட்டு வாட்ஸ்அப் குரூப்களை சில நாட்கள் பிஸியாக வைத்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? வகுப்பறைகளில் பெஞ்சுகளை 'ப' வடிவில் போடுங்கள் என்று பள்ளிக்கல்வித் துறை சொன்ன விஷயம்தான். 'கடைசி பெஞ்ச்' என்ற ஒன்றே இனி இருக்காது என்று ஒரு பக்கம் பாராட்டு. 'பிள்ளைகளுக்குக் கழுத்து வலி வரும், போர்டு தெரியாது' என்று இன்னொரு பக்கம் எதிர்ப்பு. விமர்சனம் வலுத்ததும் சில நாட்களிலேயே அந்தத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

இதற்குத் தூண்டுதல் ஒரு மலையாளப் படம். 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்'. கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் கிளாஸ் லீடர் தேர்தலில் நிற்கும் கதை. படத்தைப் பார்த்துவிட்டு கேரளாவின் கொல்லம் மாவட்டம் வாளகத்தில் ஒரு பள்ளி முதலில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டது. அங்கிருந்து வேறு பள்ளிகளுக்கும், மாநில எல்லையைத் தாண்டியும் பரவியது.

மீம்ஸ் ஓய்ந்துவிட்டன. ஆனால், அந்தச் சண்டைக்கு நடுவில் யாரும் சரியாகக் கேட்காத கேள்வி ஒன்று அப்படியே நிற்கிறது. டீச்சருக்குப் பக்கத்தில் உட்காருவதால் உண்மையிலேயே ஒரு குழந்தையின் படிப்பும் கவனமும் கூடுமா? கூடும் என்றால், வகுப்பில் இருக்கிற 40 பேரில் அந்த எட்டு இடங்கள் யாருக்கு?

நல்லா படிக்கிறவங்க முன்னாடி உட்கார்றாங்களா, முன்னாடி உட்கார்றதால நல்லா படிக்கிறாங்களா?

இது கோழியா முட்டையா கேள்வி. காலேஜில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆர்வமாக இருக்கிறவர்கள் தானாகவே முன்னால் போய் உட்காருவார்கள். செல்போனில் ஸ்கோர் பார்க்கிறவர்கள் தூணுக்குப் பின்னால் இடம் பிடிப்பார்கள். பிறகு மார்க் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு 'முன் பெஞ்சுக்குத்தான் மார்க் வருது' என்று சொன்னால், காரணத்தையும் விளைவையும் குழப்பிக்கொள்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, மாணவர்களை இஷ்டத்துக்கு உட்கார விடாமல் குலுக்கல் முறையில் இடம் கொடுப்பது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் பெர்கின்ஸும் கார்ல் வைமனும் அதைச் செய்தார்கள். (வைமன் 2001-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். பிறகு இயற்பியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற ஆராய்ச்சிப் பக்கம் வந்துவிட்டார்.) ஒரு பெரிய இயற்பியல் வகுப்பில் செமஸ்டர் தொடக்கத்தில் குலுக்கலில் இடம் ஒதுக்கினார்கள். பாதி செமஸ்டர் முடிந்ததும் முன்னால் இருந்தவர்களைப் பின்னாலும், பின்னால் இருந்தவர்களை முன்னாலும் மாற்றினார்கள்.

2005-ல் வெளியான முடிவு கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. முதல் பாதியைக் கடைசி வரிசைகளில் கழித்தவர்கள் ஃபெயில் ஆவதற்கான வாய்ப்பு, முன்வரிசையில் ஆரம்பித்தவர்களைவிடக் கிட்டத்தட்ட 6 மடங்கு. இத்தனைக்கும் இரண்டாம் பாதியில் அவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். பின்வரிசையை ஈர்க்க ஆசிரியர்கள் தனியாக முயற்சியும் எடுத்தார்கள். ஆரம்ப வாரங்களில் பழகிய தூரம் கடைசி வரை ஒட்டிக்கொண்டது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

உடனே ஸ்கூலுக்கு போன் போட்டுவிடாதீர்கள். 2007-ல் அமெரிக்காவிலேயே ஒரு அறிமுக உயிரியல் வகுப்பில் இதே மாதிரி இடம் ஒதுக்கிப் பார்த்தார்கள். அங்கே இடத்துக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. இரண்டுமே கல்லூரி வகுப்புகள். ஆக, 'முன் பெஞ்ச் = அதிக மார்க்' என்று சமன்பாடு போட ஆய்வுகள் இடம் கொடுக்கவில்லை. மார்க்குக்குப் பதில் பங்கேற்பைப் பார்த்தால் படம் வேறு மாதிரி இருக்கிறது.

டீச்சரின் கண் எங்கே போகிறது?

ஆடம்ஸ், பிடில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளி வகுப்புகளை வீடியோ எடுத்து, யார் பேசுகிறார்கள், யாரிடம் கேள்வி போகிறது என்று உட்கார்ந்து எண்ணினார்கள். 1970-ல் வெளியானது அந்த ஆய்வு. வகுப்பில் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி, முன்வரிசையிலும், நடுவில் நேராகப் பின்னால் போகும் வரிசையிலும்தான் நடக்கிறது என்று கண்டார்கள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'டி' மாதிரி ஒரு வடிவம். 'ஆக்‌ஷன் ஸோன்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் கல்லூரி வகுப்புகளிலும் கிட்டத்தட்ட இதையே கவனித்திருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, டீச்சர் வேண்டுமென்றே செய்வதில்லை என்பதுதான். நீங்கள் ஆபீஸில் பிரசன்டேஷன் கொடுக்கும்போது யோசித்துப் பாருங்கள். யார் தலையாட்டுகிறார்களோ அவர்களைப் பார்த்துத்தான் பேசுவீர்கள். டீச்சரும் அப்படித்தான். கண்ணுக்கு நேராக இருக்கிற முகம் புரிந்தமாதிரி தலையாட்டினால், 'கிளாஸுக்கே புரிந்துவிட்டது' என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். ஓரத்தில், பின்னால் இருக்கிறவனிடம் கேள்வி வராது. கேள்வி வராது என்று தெரிந்தபிறகு அவன் கேட்கவும் மாட்டான்.

இன்னொரு விஷயமும் இதிலிருந்து வருகிறது. முன்வரிசையின் இரண்டு ஓர நாற்காலிகள், பலர் நினைப்பதுபோல் அவ்வளவு நல்ல இடம் இல்லை. டீச்சருக்குப் பக்கம்தான், ஆனால் போர்டைச் சாய்வாகப் பார்க்க வேண்டும், ஜன்னல் வெளிச்சம் போர்டில் பட்டுக் கண்ணில் அடிக்கும். நடு வரிசையில் மூன்றாவது பெஞ்ச் அதைவிட நல்ல சீட் என்று நான் சொல்வேன்.

காதுக்கும் கண்ணுக்கும் தூரம் என்ன செய்கிறது?

இந்தக் கட்டுரையில் சந்தேகத்துக்கே இடமில்லாத பகுதி இதுதான், ஏனென்றால் இது பிசிக்ஸ்.

திறந்த இடத்தில் ஒலி, தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். டீச்சரின் குரல் 1 மீட்டரில் 65 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டரில் 59. 4 மீட்டரில் 53. 8 மீட்டரில் 47. வகுப்பறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கொஞ்சம் கைகொடுக்கும் என்பதால் அவ்வளவு குறையாது. ஆனால் அந்த எதிரொலியே வார்த்தைகளைக் குழப்பியும் விடும். வெறும் சுவர், சிமென்ட் தரை, கான்கிரீட் கூரை இருக்கிற நம் வகுப்பறைகளில் இந்தக் குழப்பம் இன்னும் ஜாஸ்தி.

இதற்கு மேல் சத்தம். வகுப்பு நடக்கும்போது பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே வழிகாட்டியிருக்கிறது. கடகடவென்று சுற்றும் ஃபேன், ரோட்டில் பஸ் ஹாரன், பக்கத்து கிளாஸில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் - இவை எல்லாம் சேர்ந்த ஒரு நம்மூர் வகுப்பு அந்த எல்லைக்குள் இருக்கும் என்று நினைக்கிறீர்களா? குழந்தைகளுக்கு டீச்சரின் குரல் பின்னணிச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும் என்று கேட்பியல் நிபுணர்கள் சொல்கிறார்கள். முன் பெஞ்சில் அது கிடைக்கலாம். கடைசி பெஞ்சில் கஷ்டம்.

'எனக்குக் கடைசி பெஞ்சிலும் நல்லாத்தானே கேட்குது' என்று கிளாஸ் விசிட்டில் நின்றுகொண்டு நாம் சொல்வோம். பெரியவர்களுக்கு அது நடக்கும். பாதி வார்த்தை காதில் விழுந்தாலே மீதியை மூளை நிரப்பிவிடும், ஏனென்றால் மொழி ஏற்கெனவே தெரியும். ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த நிரப்புகிற வேலை இன்னும் சரியாக வராது. அதுவும் வீட்டில் தமிழ் பேசிவிட்டு இங்கிலீஷ் மீடியத்தில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு நிரப்புவதற்குக் கையில் வார்த்தையே கம்மி.

சளி பிடித்தால் சின்னக் குழந்தைகளுக்குக் காதின் நடுப்பகுதியில் நீர் கோத்துக்கொள்வது ரொம்ப சாதாரணம். வலி இல்லாமலும் இருக்கும். சில வாரங்களுக்குக் கேட்கும் திறன் லேசாகக் குறைந்துபோய்த் தானாகச் சரியாகும். அந்த வாரங்களில் அந்தக் குழந்தை 'சொன்னதையே கேட்கிறதில்லை' என்று டைரியில் எழுதி வாங்கிக்கொண்டு வரும்.

கண்ணுக்கு வருவோம். 6/12 பார்வை என்றால், மற்றவர்கள் 12 மீட்டரில் படிப்பதை இந்தக் குழந்தை 6 மீட்டரில்தான் படிக்க முடியும். தூரத்தைப் பாதியாக்கினால் எழுத்து இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். அதனால் கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கொண்டுவந்தால் நிச்சயம் பலன் உண்டு.

ஆனால், இங்கேதான் ஒரு சிக்கல். முன்னால் மாற்றியதும் பிரச்னை மறைந்துவிடும். குழந்தை ஓரளவு எழுத ஆரம்பிக்கும். 'பாத்தீங்களா, பின்னாடி உட்கார்ந்து விளையாடிட்டு இருந்திருக்கான்' என்று டீச்சரும் அம்மாவும் முடிவுக்கு வந்துவிடுவார்கள். கண்ணாடி போட வேண்டிய குழந்தை இன்னும் ஒரு வருடம் கண்ணாடி இல்லாமலே ஓட்டும். மைனஸ் 1 பவர் இருக்கிற குழந்தைக்கு, கண்ணாடி இல்லாவிட்டால், தெளிவு 1 மீட்டர் வரைதான். மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். எந்தப் பள்ளியிலும் முதல் பெஞ்ச் போர்டிலிருந்து அரை மீட்டரில் இல்லை. போர்டைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா, கண்ணைச் சுருக்குகிறதா என்று டீச்சரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் இடம் மாற்றுவதோடு கண் பரிசோதனையும் அதே வாரத்தில் நடக்க வேண்டும்.

கவனக்குறைவு உள்ள குழந்தைகளுக்கு?

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, அதிஇயக்கப் பிரச்னை உலக அளவில் சுமார் 5 சதவீதக் குழந்தைகளுக்கு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அப்படிப் பார்த்தால் 40 பேர் வகுப்பில் இரண்டு பேர். அவர்களுக்கு மருத்துவர்களும் சிறப்புக் கல்வியாளர்களும் முதலில் சொல்லும் விஷயங்களில் ஒன்று: 'டீச்சர் பக்கத்தில் உட்கார வையுங்க. ஜன்னல், கதவுக்குப் பக்கத்தில் வேண்டாம்.'

ஏன்? முதல் காரணம், பின்னால் உட்கார்ந்தால் அந்தக் குழந்தைக்கும் டீச்சருக்கும் நடுவில் முப்பது முதுகுகள். ஒருவன் பென்சில் பாக்ஸைத் திறக்கிறான், ஒருத்தி ரிப்பனைச் சரிசெய்கிறாள். எல்லாமே கண்ணை இழுக்கும். முன்னால் இருந்தால் கண்முன் இருப்பது டீச்சரும் போர்டும்தான். இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பக்கத்தில் இருக்கும் குழந்தையின் கவனம் சிதறினால் டீச்சர் பெஞ்சில் லேசாக ஒரு தட்டு தட்டினால் போதும், அல்லது நோட்டில் விரலை வைத்துக் காட்டினால் போதும். பாடம் நிற்காது, வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது. அதே குழந்தை கடைசி பெஞ்சில் இருந்தால் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை நாற்பது பேருக்கு முன்னால் பெயர் சொல்லித் திட்டு வாங்குகிற குழந்தைக்கு, பள்ளிக்கூடம் என்றால் என்னவாக இருக்கும்?

ஆனால் முதல் பெஞ்ச் எல்லோருக்கும் சரிவராது. சில குழந்தைகள் பின்னால் சத்தம் வந்தால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டாவது வரிசையில் சுவர் ஓரம் நல்லது. நடுநடுவே எழுந்து நின்று எழுதினாலும் பின்னால் யாருக்கும் மறைக்காது. ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு டீச்சரின் குரலும் அசைவும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதே தாங்க முடியாததாக இருக்கும். ரொம்பக் கூச்சமோ பதற்றமோ உள்ள குழந்தைக்கு, முப்பது பேர் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே பாடம் போய்விடும். ஒரு காதில் மட்டும் கேட்கும் குழந்தைக்கு, கேட்கும் காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி இடம் வேண்டும். காதுக் கருவி போட்டிருப்பவர்களுக்கு டீச்சரின் உதடு தெரிய வேண்டும். டீச்சர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் வெளிச்சத்தில் முகம் இருட்டாகிவிடும். அல்பினிசம் உள்ள குழந்தைக்கு முன்னால் இடம் வேண்டும், ஆனால் ஜன்னல் பக்கம் கூடவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டீச்சர் மேஜையை ஒட்டி ஒற்றை நாற்காலி போட்டு, சுவரைப் பார்க்க உட்கார வைப்பதற்கும் 'டீச்சர் பக்கத்தில் உட்கார வைப்பது' என்றுதான் சில பள்ளிகளில் பெயர். ஆனால் அது தண்டனை. பக்கத்தில் அமைதியாக வேலை பார்க்கும் ஒரு தோழனோ தோழியோ இருந்தால்தான் அந்த இடம் உதவி.

அப்போ 'ப' வடிவம் தப்பா?

தப்பு இல்லை. எதற்கு என்பதைப் பொறுத்தது.

ஜெர்மனியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், வரிசை பெஞ்சைவிட அரைவட்டத்தில் உட்கார்ந்தபோது பிள்ளைகள் அதிகக் கேள்வி கேட்டார்கள். நல்ல செய்தி. ஆனால் அரைவட்டத்துக்குள்ளேயும் அதிகம் கேள்வி கேட்கும் ஒரு பகுதி, குறைவாகக் கேட்கும் ஒரு பகுதி என்று இருந்தது. வடிவத்தை மாற்றினால் 'ஆக்‌ஷன் ஸோன்' இடம் மாறுகிறது, காணாமல் போவதில்லை.

தனியாக உட்கார்ந்து கணக்குப் போடுகிற, எழுதுகிற வேலைக்கு வரிசையே மேல். பிரிட்டனில் 1980-களில் கெவின் வெல்டால் குழுவினர், குழுவாக மேஜையைச் சுற்றி உட்கார வைப்பதையும் வரிசையில் உட்கார வைப்பதையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். நடத்தைப் பிரச்னை உள்ள பிள்ளைகளின் சிறப்புப் பள்ளி ஒன்றில், வரிசைக்கு மாற்றியபோது வேலையில் கவனம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. 2008-ல் இந்த மாதிரி 8 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு சொன்னதும் இதுதான்: என்ன வேலை கொடுக்கிறீர்களோ அதற்கேற்ப பெஞ்சைப் போடுங்கள். விவாதம் என்றால் வட்டம், தனி வேலை என்றால் வரிசை.

நம் ஊரில் அதற்கு இடம் வேண்டுமே? ஒரு சின்ன கணக்கு. சிபிஎஸ்இ விதிப்படி வகுப்பறை குறைந்தது 500 சதுர அடி. 25-க்கு 20 அடி என்று வைத்துக்கொள்வோம். டீச்சருக்கு முன்னால் 5 அடி விட்டால், 'ப'வின் இரண்டு கைகளுக்கும் மூலை போகத் தலா 17 அடி, அடிப்பக்கத்துக்கு ஒரு 16 அடி. மொத்தம் 50 அடி. ஒரு பிள்ளைக்கு 2 அடி என்றால் 25 பேர். வகுப்பில் 40 பேர் இருந்தால் மீதி 15 பேருக்கு உள்ளே இரண்டாவது 'ப' போட வேண்டும். அப்படிப் போட்டதும் வெளி வரிசையில் இருப்பவர்கள்தான் புது லாஸ்ட் பெஞ்ச்.

கழுத்து வலி பயமும் முழுக்கக் கற்பனை இல்லை. இரண்டு கைகளிலும் இருப்பவர்கள் போர்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிறார்கள். நாள் முழுக்க போர்டில் எழுதிப்போட்டுப் பாடம் நடத்தினால் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெஞ்சைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டால், போர்டு வேலையைக் குறைத்தால், வாரா வாரம் பக்கம் மாற்றினால் தீரும். அதற்குத் தனித்தனி நாற்காலி வேண்டும், நான்கு பேர் உட்காரும் இரும்பு பெஞ்சைத் தினமும் யார் இழுப்பது?

தமிழ்நாட்டுக்கு இது முற்றிலும் புதுசும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறையில் டீச்சர் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். குழந்தைகள் எழுதுவதற்குச் சுவரில் தாழ்வாகக் கரும்பலகை இருந்தது. பிறகு மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. உங்களில் சிலர் அந்த வகுப்பில் அட்டை எடுத்துப் படித்தவர்களாகவே இருப்பீர்கள். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாகத்தான் உட்காருகிறார்கள். அரும்பு நிலைப் பிள்ளைகளுடன் டீச்சர் அதிக நேரம் இருக்க முடிகிறதா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

சீட் என்பது படிப்பு மட்டுமா?

இல்லை. இந்த ஊரில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதற்கு வேறு ஒரு வரலாறும் இருக்கிறது.

2023-ல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி 2024 ஜூனில் கொடுக்கப்பட்ட அதன் அறிக்கையில் ஒரு பரிந்துரை: மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். யார் யாரோடு சேர்ந்து உட்காருவது என்பதை மாணவர்களிடமோ டீச்சரின் விருப்பத்திடமோ விட்டால் என்ன ஆகிறது என்று தெரிந்ததால் வந்த பரிந்துரை அது.

நியாயமானது. ஆனால் அகர வரிசையை அப்படியே வருடம் முழுக்க வைத்தால் வெற்றிவேலும் யாழினியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை கடைசி பெஞ்ச்தான். உயரப்படி உட்கார வைத்தால் சீக்கிரம் வளர்ந்த பிள்ளைக்கு அதே கதி. மார்க்படி என்றால் அதைவிட மோசம், டீச்சரின் உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத் தூரத்தில் வைக்கிறோம்.

சுழற்சிதான் இதற்கு எளிய வழி. நான்கு வரிசை, ஐந்து பெஞ்ச், பெஞ்சுக்கு இரண்டு பேர் என்று 40 பேர். வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெஞ்ச் பின்னால் நகர்ந்தால், 40 சொச்சம் பள்ளி வாரங்களில் ஒவ்வொருவருக்கும் 8 வாரமாவது முதல் பெஞ்ச் கிடைக்கும். கூடவே வரிசையும் மாறினால் போர்டைப் பார்க்கும் கோணமும் மாறும். அகர வரிசையில் தொடங்கிச் சுழற்றினால் சந்துரு குழு சொன்னதும் நடக்கும். கண், காது, கவனம் என்று தேவை இருக்கும் நான்கைந்து பேருக்கு மட்டும் சுழற்சியிலிருந்து விலக்கு. அவர்கள் பக்கத்தில் உட்காருபவர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கலாம்.

பெஞ்சைத் தொடாமலே செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. டீச்சர் நடப்பது. டீச்சர் மூன்றாவது பெஞ்ச் பக்கத்தில் நின்று பாடம் நடத்தினால் அன்றைக்கு அதுதான் முதல் பெஞ்ச். ஆனால் நடப்பதற்குப் பெஞ்சுகளுக்கு நடுவில் வழி வேண்டும், பையைத் தரையில் போடாமல் இருக்க வேண்டும், கொஞ்சம் முட்டி வலி இல்லாமலும் இருக்க வேண்டும். கேள்வி கேட்பதற்கு ஐஸ்க்ரீம் குச்சிகளில் பெயர் எழுதி டப்பாவில் போட்டு உருவி எடுக்கிற டீச்சர்கள் இருக்கிறார்கள். கண் போன பக்கம் கேள்வி போவதை அந்தக் குச்சி தடுத்துவிடுகிறது.

நீங்கள் பெற்றோர் என்றால் என்ன கேட்கலாம்?

'என் பொண்ணை ஃபர்ஸ்ட் பெஞ்ச்ல உட்கார வைங்க மிஸ்' என்று மட்டும் கேட்டால், அதே வாரத்தில் அதைக் கேட்ட பதினைந்தாவது பெற்றோர் நீங்கள். காரணத்தைச் சொல்லுங்கள். 'போர்டைப் பார்த்து எழுத மாட்டேங்கிறா, கண் டாக்டரிடம் அடுத்த சனிக்கிழமை போறோம், அதுவரை நடுவில் முன்னால் இடம் கிடைக்குமா?' என்று கேட்டால் டீச்சருக்கும் முடிவெடுக்க எளிது. ஒரு மாதம், ஆறு வாரம் என்று காலம் வைத்துக்கொண்டு, நோட்டில் பாதியில் நிற்கும் பக்கங்கள் குறைகிறதா என்று இருவரும் பாருங்கள். குழந்தையிடமும் கேளுங்கள். எங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கிறது என்று ஏழு வயதுக் குழந்தையாலேயே சொல்ல முடியும்.

குழந்தைக்குச் சான்றளிக்கப்பட்ட குறைபாடு இருந்தால் இது கெஞ்சிக் கேட்கும் சலுகை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அரசு நிதி பெறும் மற்றும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. கற்றல் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டறிந்து நடவடிக்கை எடுப்பதும் அதே பிரிவில் இருக்கிறது. கோரிக்கையைத் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். சுழற்சி முறையையும், ஜூன் மாதமே எல்லோருக்கும் கண், காது பரிசோதனை நடத்துவதையும், ஆடிக்கொண்டு சத்தம் போடும் அந்த ஃபேனை ரிப்பேர் பார்ப்பதையும் சேர்த்து அங்கே ஒரே தீர்மானமாகக் கொண்டுவரலாம்.